‘கேம் விளையாடித்தான் கெட்டுப்போச்சு’ என்று சொல்வதற்கு முன்

ஜெர்மனியில் நம்மவர் வீடுகளில் பிள்ளையின் கேமிங் கம்ப்யூட்டர் விளையாட்டின் நடுவில் பட்டென்று அணைந்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் மூன்று தீர்ப்புகள் வந்துவிடும். அப்பாவின் தீர்ப்பு: “எந்நேரமும் கேம் விளையாடித்தான் கெட்டுப்போச்சு.” பிள்ளையின் தீர்ப்பு: “கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சு, புதுசு வாங்கணும்.” தெரிந்தவர் ஒருவர் போனில் தரும் தீர்ப்பு: “விண்டோஸை அழிச்சிட்டு மறுபடி போடுங்க, சரியாயிடும்.” மூன்று பேரில் ஒருவர்கூடப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்.

நான் டோர்ட்மண்டில் ஐ.டி. வேலை பார்க்கிறவன். தமிழ்ப் பள்ளி வாசலாக இருக்கட்டும், ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேர்த் திருவிழாவாக இருக்கட்டும், யாராவது ஒருவர் தோளைத் தட்டி, “தம்பி, உமக்குக் கம்பியூட்டர் தெரியும்தானே, ஒருக்கா வந்து பாரும்” என்பார். ஐ.டி.காரன் என்றால் கம்ப்யூட்டரையும் ரிப்பேர் செய்வான் என்பது நம் மக்களின் நம்பிக்கை. அப்படிப் போய்ப் பார்த்த வீடுகளில் கவனித்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கெட்ட பாகத்தை விட, கெடாத பாகத்துக்குத்தான் நம்மவர்கள் அதிகம் செலவு செய்கிறார்கள். நினைவகம் மாற்றுகிறார்கள், கார்டு மாற்றுகிறார்கள், கடைசியில் பெட்டியையே மாற்றுகிறார்கள். ஒரு நல்ல கேமிங் கம்ப்யூட்டர் இன்று 1,200 யூரோவிலிருந்து 2,000 யூரோ வரை போகிறது. அதில் பாதி, பையன் கோடை விடுமுறையில் நான்கு வாரம் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணமாகக்கூட இருக்கும். அந்தப் பணமும் போகிறது, “உன்னாலதான்” என்ற பேச்சால் வீட்டில் அமைதியும் போகிறது.

அணைவது ஒரு தற்காப்பு

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் திடீரென அணைவது பெரும்பாலும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகவும் அதற்குக் கீழாகவும் மாற்றித் தரும் பெட்டிக்கு பவர் சப்ளை என்று பெயர். ஜெர்மன் கடைகளில் ‘நெட்ஸ்டைல்’ என்று கேட்க வேண்டும். அதற்குள்ளே பல காவல்காரர்கள் இருக்கிறார்கள். மின்னோட்டம் எல்லை மீறினால் ஒருவர், வோல்ட் கூடினால் ஒருவர், சூடு கூடினால் ஒருவர், ஷார்ட் ஆனால் ஒருவர். யாராவது ஒருவர் கையைத் தூக்கினால் போதும், எல்லாம் அணைந்துவிடும்.

பிராசசரிலும் அப்படித்தான். இன்டெல்லின் பல டெஸ்க்டாப் பிராசசர்கள் 100 டிகிரியைத் தொட்டால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு அந்த எல்லை 95 டிகிரி. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்கவில்லை என்றால்தான் ஒரேயடியாக அணையும்.

ஆக, அணைந்தது என்றால் ஏதோ ஒரு காவல்காரர் எதையோ பார்த்திருக்கிறார். யார், எதைப் பார்த்தார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதைக் கேட்காமல் பாகம் வாங்குவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மருந்துக்கடையில் கண்ணில் பட்ட மாத்திரையை எல்லாம் வாங்கிப் போடுவது மாதிரி.

விளையாட்டின் மேல் பழி விழுந்த கதை

“கேமால கெட்டுப்போச்சு” என்று நம் அப்பாக்கள் மட்டும் சொல்வதில்லை. உலகமே ஒருமுறை அப்படிச் சொன்னது. 2021 ஜூலையில் அமேசான் நிறுவனத்தின் ‘நியூ வேர்ல்டு’ விளையாட்டு சோதனைக்கு விடப்பட்டபோது, ஈ.வி.ஜி.ஏ. நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ் 3090 கார்டுகள் சில, விளையாடத் தொடங்கியதும் செத்துப்போயின. ஆயிரத்து ஐந்நூறு டாலர் கார்டு ஒரு விளையாட்டால் எரிந்தது என்று செய்தி பரவியது. பிறகு ஈ.வி.ஜி.ஏ. தானே ஆராய்ந்து சொன்னது: சுமார் இரண்டு டஜன் கார்டுகள், அவற்றில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட்களைச் சுற்றி ஈயப் பற்று சரியாக அமையவில்லை. விளையாட்டு பாரத்தைக் கொடுத்தது உண்மை. ஆனால் குறை கார்டுக்குள் முன்பே உட்கார்ந்திருந்தது.

இன்னொரு கதை இன்டெல்லுடையது. 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் உள்ள கம்ப்யூட்டர்களில் விளையாட்டுகள் திடீர் திடீரென நின்றன. திரையில் வந்த பிழைச் செய்தியோ ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்றது. அதைப் படித்த எத்தனையோ பேர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டது: பிராசசருக்குத் தேவைக்கு மேல் வோல்ட் போயிருக்கிறது, அதனால் சில பிராசசர்கள் மெல்லத் தேய்ந்திருக்கின்றன. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியாகத் திருத்தங்கள் வந்தன, உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன பிராசசரை அந்தத் திருத்தம் பழைய நிலைக்குக் கொண்டுவராது. மாற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் வீட்டில் அந்தத் தலைமுறை பிராசசர் இருந்தால், பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இரண்டு கதையிலும் முதலில் கண்ணில் பட்டது குற்றவாளி இல்லை.

எப்படி அணைந்தது?

யாராவது என்னிடம் “கம்ப்யூட்டர் அணையுது” என்றால் நான் முதலில் கேட்பது இதுதான்: எப்படி அணையுது? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று: ‘டக்’கென்று ஒரு சத்தம், எல்லா விளக்கும் போய்விட்டது, பவர் பொத்தானை அழுத்தினாலும் எழவில்லை. பின்னால் இருக்கும் சிறு சுவிட்சை அணைத்துச் சில விநாடி கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது. இது அநேகமாக பவர் சப்ளையின் காவல்காரர் வேலை.

இரண்டு: அணைந்த மறு விநாடியே தானாக எழுகிறது. மின்சாரம் ஒரு கணம் தடுமாறியிருக்கலாம், பிராசசரோ நினைவகமோ நிலைகுலைந்திருக்கலாம். நீலத் திரை வந்து, நாம் பார்ப்பதற்குள் விண்டோஸ் தானாகவே மறுபடி தொடங்கியிருக்கவும் கூடும். அந்தத் தானியங்கி மறுதொடக்கத்தை அமைப்புகளில் நிறுத்திவைத்தால் அடுத்த முறை நீலத் திரை நின்று பேசும்.

மூன்று: திரை மட்டும் கருப்பாகிறது, உள்ளே விசிறிகள் சுற்றுகின்றன, நண்பனின் குரல் ஹெட்செட்டில் இன்னும் கேட்கிறது. இங்கே கம்ப்யூட்டர் அணையவே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு, அதன் டிரைவர், திரைக்குப் போகும் கேபிள் ஆகியவற்றின் பக்கம் போங்கள்.

நான்கு: ‘அணைக்கப்படுகிறது’ என்று விண்டோஸ் முறையாகச் சொல்லிவிட்டு அணைகிறது. அப்டேட்டாக இருக்கலாம். பெட்டியின் பவர் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கவும் கூடும். சிக்கிய பொத்தான் சில விநாடி அழுந்தியே இருந்தால் முறையாகச் சொல்லாமலும் அணைந்துவிடும். ஒரு பத்து ரூபாய் ஸ்பிரிங் சமாசாரத்துக்கு மதர்போர்டு மாற்றப் போனவர்கள் உண்டு.

அந்தச் சிவப்பு 41

கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகள் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பாக ஒன்று நிற்கும். “கண்டுபிடிச்சிட்டேன்!” என்று அதை இணையத்தில் தேடி, சொன்னதையெல்லாம் செய்வார்கள்.

41 என்பது காரணம் அல்ல. “போன முறை என்னை முறையாக அணைக்காமலேயே மின்சாரம் போய்விட்டது” என்று விண்டோஸ் எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு. யார் அணைத்தார் என்று அதற்குத் தெரியாது. ஆனால் அந்தக் குறிப்பைத் திறந்து உள்ளே பார்த்தால் பயன் உண்டு. ‘பக்செக் கோட்’ என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால் நீலத் திரைத் தகவல் எதுவும் பதிவாகவில்லை, மின்சாரப் பக்கமோ வன்பொருள் பக்கமோ தேடலாம். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது, தேடல் அந்த எண்ணிலிருந்து தொடங்கும். ‘பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்’ என்ற இடத்தில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் யாரோ, அல்லது சிக்கிக்கொண்ட பொத்தான், அழுத்தியிருக்கிறது. அதே பட்டியலில் ‘வீயா லாகர்’ என்ற பெயரில் பதிவுகள் இருந்தால் வன்பொருள் தானே முறையிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சுவரிலிருந்து தொடங்குவோம்

கரண்ட் என்றதுமே நம் மனசு ஊருக்குப் போய்விடும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் குப்பி விளக்கில் படித்தவர்கள் இங்கே நம்மோடு இருக்கிறார்கள். 2012-ல் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டிய மின்வெட்டை எங்கள் தலைமுறை பார்த்தது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணி நேரம் வரை போனது. அதனால் “ஸ்டெபிலைசர் ஒண்டு வாங்கி வைப்பம்” என்ற யோசனை நம் வீடுகளில் இயல்பாக வரும்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட தடைகளைக் கணக்கிடும் இங்கத்தைய மின்வலை ஆணையத்தின் புள்ளிவிவரப்படி, ஒரு நுகர்வோருக்கு 2022 முழுவதும் மின்சாரம் தடைபட்ட சராசரி நேரம் 12.2 நிமிடம்தான். தெருவில் வரும் மின்சாரத்தைச் சந்தேகிப்பதை விட, அது உங்கள் மேசைக்கு வரும் கடைசி இரண்டு மீட்டரைப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் அணையும்போது அறை விளக்கும் சேர்ந்து போனால் பிரச்சினை வீட்டு மின்சுற்றில். இங்கே சாதாரண அறைச் சுற்று 16 ஆம்பியர், அதாவது சுமார் 3,680 வாட். ஒரே சுற்றில் 2,000 வாட் அறை ஹீட்டரும், கெட்டிலும், கம்ப்யூட்டரும் ஓடினால் எல்லை தாண்டும். விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் போகிறது என்றால் நீட்டிப்புப் பலகையைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர்ப் பொருத்தியில் செருகிப் பாருங்கள். பத்து வருடப் பழைய பலகை, அதிலிருந்து இன்னொரு பலகை, அதில் ரவுட்டர், ஸ்பீக்கர், சார்ஜர் என்று தொங்குவதை எத்தனையோ பிள்ளைகளின் மேசைக்கடியில் பார்த்துவிட்டேன். இந்தச் சோதனைக்கு ஒரு சென்ட்கூடச் செலவில்லை.

தாளிக்கிற எண்ணெயும் தூசியும்

நம் வீடுகளுக்கென்றே ஒரு சிறப்புக் காரணம் உண்டு. சமையலறைக் கதவு திறந்திருக்கும், கடுகு தாளிக்கும் எண்ணெய்ப் புகை வீடு முழுக்க வரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. குளிர்காலத்தில் ஜன்னல் மூடியே இருக்கும். பெட்டியோ மேசைக்கடியில், சூடான ஹைசுங் பக்கத்தில், கம்பளத்தின் மேல். இந்தப் புகையோடு சேரும் தூசி பிசுபிசுவென்று விசிறியிலும் குளிர்விப்பான் இதழ்களிலும் அப்பிக்கொள்ளும். காற்று ஊதினாலும் எளிதில் போகாது.

சூடுதான் காரணமா என்று ஊகிக்க வேண்டாம். எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு இரண்டு விநாடிக்கும் வெப்பநிலையைக் கோப்பில் எழுதிவைக்கும். அணைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். 98, 99, 100 என்று ஏறிக்கொண்டே போயிருந்தால் காரணம் சூடு. பிராசசர் 70-லும் கார்டு 74-லும் அமைதியாக இருந்து கோப்பு நின்றுபோயிருந்தால் வேறு இடம் பாருங்கள். கம்ப்யூட்டர் புதிது, போட்ட ஒரே நிமிடத்தில் நூறைத் தொடுகிறது என்றால் குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுக்காமலே பொருத்திவிட்டார்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கிற ஒன்று. தண்ணீரால் குளிர்விக்கும் வகையாக இருந்தால் அதன் பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது மின்இணைப்பைக் கழற்றிவிடுங்கள். விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், நிலைமின்சாரம் பாகத்தைக் கொல்லும்.

ஹோர்டேயில் ஒரு வீடு

டோர்ட்மண்ட் ஹோர்டே பகுதியில் ஒரு வீடு. பையனுக்குப் பதினேழு வயது, இங்கேயே பிறந்தவன். புதிதாகக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் பழைய பெட்டியில் போட்டிருந்தான். யூடியூப் நாள் முழுக்க ஓடும். ஒரு குறிப்பிட்ட விளையாட்டில் பெரிய காட்சி வந்தால் மட்டும் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் செத்துவிடும். பின்பக்க சுவிட்சைத் தட்டினால்தான் எழும். “கிராஃபிக்கார்ட் கபுட் அண்ணா” என்றான் பையன். “விடிய விடிய விளையாடினா எதுதான் தாங்கும், தம்பி?” என்றார் அப்பா. அதற்கு முன்பே யாரோ சொன்னார் என்று 90 யூரோவுக்கு நினைவகம் மாற்றியிருந்தார்கள்.

புதிதாக எதையும் வாங்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டேன். எழுதும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். சமையலறையில் தொங்கிய தமிழ்க் கடைக் காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே அணைந்த நேரத்தை எழுதினார். (ராகுகாலத்துக்கும் அணைந்த நேரத்துக்கும் தொடர்பில்லை என்று அவரே இரண்டாம் நாள் அறிவித்தார்.)

சூட்டுக் கோப்பில் ஒன்றும் இல்லை. பயாஸைத் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுவந்து, நினைவகத்தின் கூடுதல் வேகத்தை நிறுத்தினோம். பயன் இல்லை. பிறகு பாரத்தைப் பிரித்தோம். பிராசசருக்கு மட்டும் ஒரு மணி நேரம் கடும் வேலை: அணையவில்லை. கார்டுக்கு மட்டும் அரை மணி நேரம்: அணையவில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தோம். ஆறாவது நிமிடம் ‘டக்’.

அப்போது அந்த அப்பா சொன்னதைத்தான் நான் பிறகு பல வீடுகளில் உதாரணமாகச் சொல்கிறேன். அவர் இருபது வருடம் ஓட்டல் குசினியில் வேலை செய்தவர். “எங்கட குசினியிலயும் இப்பிடித்தான். பொரிக்கிற மெசினையும் ஓவனையும் ஒண்டாப் போட்டா சிக்கருங் விழும். ஒவ்வொண்டாப் போட்டா ஒண்டும் ஆகாது.” அவ்வளவுதான். நான் பொறியியல் சொற்களில் சொல்ல வந்ததை அவர் தன் மகனுக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டார். பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த சோதனைக்கும் காசு கிடையாது. கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் உச்ச அளவை மென்பொருள் வழியாக 70 விழுக்காட்டுக்குக் குறைத்தோம். இரண்டு மாலை விளையாடினான், அணையவில்லை. அப்போ சந்தேகம் பவர் சப்ளை பக்கம் உறுதியானது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்ட ஆறு வருடப் பழைய 600 வாட் பெட்டி அது. கார்டில் இரண்டு மின்செருகிகள், இரண்டுக்கும் ஒரே கேபிளிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்திருந்தான். தனித்தனிக் கேபிள் கொடுத்ததும் குறைந்தது, ஆனாலும் ஒருமுறை அணைந்தது. நண்பனிடம் 850 வாட் பெட்டியை அதன் சொந்தக் கேபிள்களோடு கடன் வாங்கிப் போட்டான். ஒரு வாரம் காலண்டரில் எந்தக் குறிப்பும் இல்லை. புது நெட்ஸ்டைல் 110 யூரோ. அவன் மாற்ற நினைத்த கார்டு 600 யூரோ.

600 வாட் ஏன் போதவில்லை?

“கணக்குப் பார்த்தேன், எல்லாம் சேர்த்து 500 வாட்தான் வருது அண்ணா” என்று பையன் வாதாடினான். கணக்கு சரிதான், ஆனால் அது சராசரிக் கணக்கு. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டு ஒரு விநாடியின் மிகச் சிறு துளியில் தன் சராசரியைத் தாண்டி, சில சமயம் கிட்டத்தட்ட இரட்டிப்பாக, மின்சாரத்தை இழுத்துவிட்டு அடங்கும். சுவரில் மாட்டும் வாட் மீட்டருக்கும், கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளுக்கும் அது தெரியாது. பவர் சப்ளையின் காவல்காரருக்குத் தெரியும். வயதான பெட்டியில் மின்தேக்கிகள் தளர்ந்திருந்தால் அந்தத் திடீர் இழுப்பைத் தாங்கும் சக்தி இன்னும் குறையும்.

2020-ல் ஆர்.டி.எக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்தபோது உலகம் முழுக்க இதே கதை. காகிதத்தில் போதுமான வாட் கொண்ட, நல்ல பெயருள்ள பவர் சப்ளைகள்கூட அணைந்தன. 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் 3.0 என்ற தர வரையறை இதைக் கணக்கில் எடுத்தது: உயர்திறன் கார்டுகளுக்கான பவர் சப்ளை, 100 மைக்ரோவிநாடிக்குத் தன் திறனின் இரு மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். ஆகவே புதிதாக வாங்கும்போது வாட் எண்ணை மட்டும் பார்க்காமல், ஏ.டி.எக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய தரமா என்று கேட்டு வாங்குங்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ் 4090-ன் புதிய 16 பின் செருகிகள் சில உருகிய செய்தியும் நினைவிருக்கலாம். முழுமையாகச் செருகப்படாதது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது, 2023-ல் செருகியின் வடிவமே திருத்தப்பட்டது. உங்கள் கார்டில் இந்த வகைச் செருகி இருந்தால், அணைத்துவிட்டு, இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். செருகிக்கு மிக அருகில் கேபிளை மடக்காதீர்கள். கருகிய வாசம் வந்தால் மறுபடி போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

செய்யக் கூடாத மூன்று

பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இது என்ஜினியரிங் படித்தவருக்கும் பொருந்தும்.

ஒரு கம்பெனி பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கேபிளை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் செருகாதீர்கள். கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும். ஒரு நொடியில் ஹார்ட் டிஸ்க்கோடு அதிலிருக்கும் கல்யாணப் படங்களும் போய்விடும். கடன் வாங்கினால் கேபிளோடு சேர்த்து வாங்குங்கள்.

இரண்டு பாகத்தை ஒரே நாளில் மாற்றாதீர்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. தெரியாவிட்டால் அடுத்த முறையும் இரண்டையும் வாங்குவீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, கேட்டால்

பழுது எங்கே என்று தெரிந்துகொள்வதற்கு இன்னொரு காரணம், இந்த நாட்டின் சட்டம். புதிய பொருளைக் கடையில் வாங்கினால் விற்றவருக்கு இரண்டு ஆண்டுப் பொறுப்பு உண்டு. ஜெர்மனில் ‘கெவேர்லைஸ்டுங்’. கம்பெனி தன் விருப்பத்தில் தரும் ‘காரன்டீ’ வேறு, இது வேறு. பே-கே-பே எனும் சிவில் சட்டத்தின் 477ஆம் பிரிவுப்படி, 2022 ஜனவரி 1 முதல் வாங்கிய பொருள்களில் முதல் ஓராண்டுக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. முன்பு இது ஆறு மாதமாக இருந்தது. பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா என்று முதலில் கேட்கும் உரிமையும் பொதுவாக வாங்கியவருக்கே. அனுப்பும் செலவு விற்றவருடையது. “கம்பெனிக்கே எழுதுங்க” என்று கடைக்காரர் கையை விரித்தால், பொறுப்பு உங்களுடையது என்று எழுத்தில் சொல்லலாம்.

முழுக் கம்ப்யூட்டராக வாங்கியிருந்தால் “அணைகிறது” என்று சொன்னால் போதும், எந்தப் பாகம் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியிருந்தால் எதைத் திருப்பி அனுப்புவது என்று தெரிய வேண்டும். நல்ல பாகத்தை அனுப்பினால் ‘குறை இல்லை’ என்று மூன்று வாரம் கழித்துத் திரும்பி வரும். அங்கேதான் அந்தக் காலண்டர் குறிப்பும், செல்போனில் எடுத்த வீடியோவும், வெப்பநிலைக் கோப்பும் சாட்சியாகின்றன. தனியாரிடம் பழையதாக வாங்கும்போது, பொறுப்பில்லை என்று ஒரு வரி எழுதி அவர் விலகிக்கொள்ள முடியும். அதனால் பவர் சப்ளையை மட்டுமாவது பழையதாக வாங்காதீர்கள்.

கடிதம் எழுதவோ பேசவோ தயக்கம் இருந்தால் டோர்ட்மண்டிலேயே நுகர்வோர் மையத்தின் ஆலோசனை அலுவலகம் இருக்கிறது. கையில் கருவியும் துணையும் இல்லாதவர்களுக்கு ரிப்பேர் கஃபேக்கள் உண்டு. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய யோசனை இது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து பழுது பார்ப்பார்கள். இங்கேயும் நடக்கின்றன. நம் ஓய்வுபெற்ற அப்பாக்கள் சிலர் அங்கே போய் உட்கார்ந்தால் இரு தரப்புக்கும் நல்லது.

கேள்வியை மாற்றுவோம்

பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பது தனிப் பேச்சு. அதை வீட்டில் பேசியே ஆக வேண்டும். ஆனால் பழுதான கம்ப்யூட்டரை அந்தப் பேச்சுக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் பெட்டி பாரத்தைத் தாங்கவே செய்யப்பட்டது. “நீ விளையாடினதாலதான்” என்று சொன்ன பிறகு, காரணம் ஒரு கேபிள் என்று தெரியவந்தால், அடுத்த முறை நீங்கள் நியாயமாகச் சொல்வதையும் பிள்ளை நம்ப மாட்டான்.

‘யாரால?’ என்று கேட்டால் வீட்டில் சண்டைதான் வரும். ‘எப்போ அணைஞ்சது, அப்போ என்னென்ன ஓடிட்டு இருந்தது, நேத்திக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேட்டால் பிள்ளை பேசத் தொடங்குவான். தமிழில் சொல் வராவிட்டால் ஜெர்மனில் சொல்வான், உங்களுக்குப் புரியாவிட்டால் மறுபடி தமிழில் முயல்வான். ஒரு திருகாணிக்கும் ஒரு கேபிளுக்கும் நடுவே அப்பாவும் பிள்ளையும் அரை மணி நேரம் ஒரே மேசையில் உட்காருவது, இங்கே வேலை நேரங்களுக்கு நடுவில் வாழும் நம் குடும்பங்களில் அடிக்கடி கிடைக்கிற விஷயம் இல்லை.

அதனால் அடுத்த முறை அந்தப் பெட்டி பட்டென்று அணைந்தால், கடைக்குப் போகாதீர்கள், கத்தவும் வேண்டாம். ஒரு பேனாவை எடுங்கள், நேரத்தை எழுதுங்கள், நீட்டிப்புப் பலகையைக் கழற்றிவிட்டுச் சுவரில் செருகிப் பாருங்கள். மீதியைப் பிள்ளையோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.